பூவிதழ் ரொட்டி

குருமாவுக்குக் கசகசா ஊறவைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கூடம் ஞாபகத்துக்கு வரும். நேரில் போய்ப் பார்த்ததில்லை, படத்தில் பார்த்ததுதான். உயரமான கூடம். தரையிலிருந்து கூரைவரை மரத் தட்டுகள். சட்டென்று பார்த்தால் பழைய நூலகம் என்றே தோன்றும். உற்றுப் பார்த்தால் தட்டுகளில் புத்தகம் ஒன்றுகூட இல்லை. உரித்த தேங்காய்ப் பருமனில் உருண்டைகள், வரிசை குலையாமல், கண்ணுக்கு எட்டியவரை. தட்டுகளைப் பிடித்து மேலே ஏறி நிற்கும் ஆட்கள் அந்த உயரத்துக்கு முன் அணில் போலச் சிறுத்துப் போயிருக்கிறார்கள்.

உருண்டைகள் அத்தனையும் அபின். கூடம் பாட்னாவில், கங்கைக் கரையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் அபின் தொழிற்சாலை.

வரைந்தவர் வால்டர் ஸ்டான்ஹோப் ஷெர்வில். வங்காளப் படையில் கேப்டன். ஆனால் பார்த்த வேலை நில அளவை. வரி போடுவதற்காகக் கிராமம் கிராமமாக அளக்கும் ரெவின்யூ சர்வே. அவருடைய படங்கள் 1851இல் லண்டனில் கல்லச்சில் வெளிவந்தன. முப்பது வருஷம் கழித்து, 1882இல், ‘கிராஃபிக்’ வார இதழ் அவற்றை மரச்செதுக்குப் படங்களாக விளக்கக் குறிப்புகளோடு மறுபடி போட்டது. மொத்தம் ஆறு படங்கள்: சோதிக்கும் கூடம், கலக்கும் அறை, உருட்டும் அறை, உலர்த்தும் அறை, அடுக்கும் அறை, கடைசியில் கங்கையில் போகும் படகு வரிசை. அளவைக்காரரின் கண் அல்லவா! தூண், தட்டு, சாளரம் எல்லாம் நூல் பிடித்த மாதிரி நிற்கின்றன. மனிதர்கள்தாம் கொஞ்சம் மங்கல்.

அழகாக இருக்கின்றன என்று சொல்ல வாய் கூசுகிறது. ஆனாலும் அழகாகத்தான் இருக்கின்றன. ஆறு படங்களில் ஒரு பீரங்கி கிடையாது, ஒரு சீனர் கிடையாது, புகைக்குழாயோடு சாய்ந்து கிடக்கும் ஒரு முகம் கிடையாது. கைகளும் அவை செய்யும் நறுவிசான வேலையும் மட்டுமே. அந்த நறுவிசுதான் ஒரு சாம்ராஜ்யத்தின் கஜானாவுக்கு முட்டுக் கொடுத்தது என்பது மெல்ல மெல்லத்தான் பிடிபடும்.

ஷெர்வில் வரையாமல் விட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பூவிலிருந்து.

கங்கைச் சமவெளியில் பயிரிட்ட அபின் செடி வெள்ளைப் பூ ரகம். கார்த்திகை வாக்கில் விதைத்தால் மாசியில் வயல் முழுக்க வெள்ளை. மெல்லிய இதழ்கள், காற்று சற்று ஓங்கினாலே உதிர்ந்துவிடும். அப்படி உதிரும் பருவத்தில் பெண்களும் பிள்ளைகளும் வயலில் இறங்கி இதழ்களைச் சேகரித்தார்கள். காய் பருக்கும்முன் நடக்கும் முதல் அறுவடை இது. கம்பெனியின் பனாரஸ் அபின் ஏஜென்சியில் பரிசோதகராக இருந்த டாக்டர் ஈட்வெல் 1850களின் தொடக்கத்தில் எழுதிய விவரத்தில் இதழ்களை என்ன செய்தார்கள் என்பது இருக்கிறது. ஆப்பச் சட்டி போல லேசாகக் குழிந்த மண்தட்டு ஒன்றைக் கவிழ்த்து, இளஞ்சூட்டில் வைப்பார்கள். ஒரு கைப்பிடி இதழைப் பரப்புவார்கள். சூட்டில் இதழ் தன் சாற்றைக் கசியவிடும். ஈரத்துணிப் பொட்டலத்தால் மேலே ஒற்றி ஒற்றி அழுத்தி, சாறு ஊறும் இடத்தில் இன்னும் கொஞ்சம் இதழ் சேர்த்து, மறுபடி அழுத்துவார்கள். பசை ஒரு சொட்டு இல்லாமல் இதழோடு இதழ் ஒட்டிக்கொண்டு, வட்டமாக, கையில் எடுக்கும்படி ஒரு தகடு கிடைக்கும். பெயரும் ரொட்டிதான். பூவிதழ் ரொட்டி.

இதிலும் தரம் பிரித்தார்கள். சிறியதும் கறுத்ததும் ஒரு குவியல். பெரியதும் நிறம் மங்காததும் இன்னொரு குவியல். கறுத்தவை உருண்டையின் உட்சுற்றுக்கு, வெளுத்தவை வெளிச்சுற்றுக்கு. பார்வைக்கு நன்றாக இருப்பதை வெளியே வைக்கும் வழக்கம் பழக்கடையில் எவ்வளவு பழையதோ, கம்பெனியிலும் அவ்வளவு பழையது.

இதழ் போய் எட்டுப் பத்து நாளில் காய் முற்றும். அதைக் கீற ஒரு கருவி, நஷ்தர் என்று பெயர். மூன்று நான்கு மெல்லிய இரும்பு அலகுகளைப் பருத்தி நூலால் சேர்த்துக் கட்டியது. வெறுமனே கட்டியதல்ல. அந்த நூலையே அலகுக்கும் அலகுக்கும் நடுவில் ஓட்டி இடைவெளி பிடித்திருப்பார்கள். இடைவெளி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. நம் ஆசாரிகள் கணக்கில் அரை நூல். பிற்பகலில் காயின் அடியிலிருந்து நுனிவரை ஒரு கீறல். ஆழம் கூடினால் காயின் சுவர் துளைந்து அபின் பால் உள்ளே வடிந்துவிடும், விதையும் கெடும். குறைந்தால் பால் வராது. மறுநாள் விடியலில் சிறு இரும்புக் கரண்டியால் வழித்தெடுப்பார்கள். பனி அதிகம் விழுந்த இரவென்றால் பால் நீர்த்திருக்கும். இரண்டு மூன்று நாள் விட்டு அதே காயில் பக்கத்தில் இன்னொரு கீறல். இப்படி ஒரு காய்க்கு இரண்டு முதல் ஆறு தடவை. கீறிய கைகள் லட்சக்கணக்கில். ஆழத்தில் அரை நூல் பிசகாமல் அத்தனை கைகளும் கற்றிருந்தன.

அந்தக் கைகளுக்கு உரியவர்களைக் கம்பெனிக் கணக்கில் ‘அசாமி’ என்று எழுதினார்கள். நம் ‘ஆசாமி’யேதான். அரபியில் பெயர்கள் என்று பொருள்படும் சொல், பாரசீக வருவாய்க் கணக்கு வழியாகப் பேரேட்டில் பெயர் ஏறிய குடியானவரைக் குறிக்க வந்து, தமிழுக்கு வருவதற்குள் முகம் தெரியாத யாரோ ஒருவராகிவிட்டது. அவருக்கு முன்பணம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய குமாஸ்தாவும் நம் குமாஸ்தாவேதான். முன்பணம் வாங்கினால் இத்தனை பிகா நிலத்தில் அபின் போட்டே ஆக வேண்டும், எடுத்த பாலை அரசைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது. விலையையும் அரசே கட்டியது. 1880களில் சேருக்கு ஐந்து ரூபாய். சேர் என்பது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கீறிய காயில் மிஞ்சிய விதை மட்டும் குடியானவரின் சொந்தம். எண்ணெய் ஆட்டலாம், விற்கலாம், சமையலில் போடலாம். நான் ஊறவைக்கும் கசகசா அதுதான். வளைகுடாவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு மசாலாப் பொட்டலத்தில் இதை வைத்துவிடாதீர்கள் என்று இன்றும் எச்சரிக்கிறோம். செடியின் பழைய பெயர் இன்னும் அதைவிட்டுப் போகவில்லை.

இனி படங்கள்.

சோதிக்கும் கூடத்தில் மண்பானைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண், சீட்டு. தேர்ந்தவர் விரலால் தொட்டோ கரண்டியைச் செருகியோ பதம் பார்க்கிறார். பதம் என்றால் நீர் போக எவ்வளவு அபின் என்ற கணக்கு. பனாரஸ் ஏஜென்சியில் நூற்றுக்கு எழுபது என்று வைத்துக்கொண்டார்கள். கூடினாலும் குறைந்தாலும் விலையில் கை வைப்பார்கள். ஆய்வு அறையில் ரசாயனச் சோதனை தனி. ஈட்வெல் தரும் கலப்படப் பட்டியலைப் படித்தால் ஒரு நாட்டு மருந்துக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்: வெல்லப்பாகு, மாவு, களிமண், புளி, வில்வப்பழச் சதை, மஞ்சள், இலுப்பைப்பூப் பொடி. நூற்றுக்கு எழுபது என்று ஒருவர் நிர்ணயித்தால் மீதி முப்பதை எப்படி நிரப்பலாம் என்று யோசிக்க இன்னொருவர் இருந்திருக்கிறார். அந்தத் திறமைக்கும் ஒரு சபாஷ் போடத்தான் தோன்றுகிறது. பிடிபட்டால் மொத்தச் சரக்கும் போய்விடும் என்று தெரிந்தே செய்த வேலை அது.

கலக்கும் அறையில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. தொட்டிகள், நீளப் பிடி வைத்த வாரிகள், இழுத்து இழுத்துக் குழைக்கும் ஆட்கள். எந்தப் பானை எந்த ஊர்ப் பால் என்ற வித்தியாசம் இந்தத் தொட்டியில் அழிந்துபோகிறது.

உருட்டும் அறைதான் என்னை இழுத்துப் பிடிக்கும் இடம். ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு சிறு மேசை, ஒரு முக்காலி, ஒரு பித்தளைக் கிண்ணம். கிண்ணம் பாதி உருண்டையின் அச்சு. பக்கத்தில் அளந்து வைத்த பூவிதழ் ரொட்டிகள், லேவா என்ற பசை. உருட்டுகிறவர் முதலில் கிண்ணத்தில் இதழ் ரொட்டியை விரித்து லேவாவைத் தடவுகிறார். அதன்மேல் இன்னொன்று. அதன்மேலும் தடவல். சுவர் அரை அங்குலத் தடிமனுக்கு ஏறியதும் அளந்த அபினை நடுவில் வைக்கிறார். ஏறக்குறைய ஒன்றரை சேர். கிண்ணத்தின் விளிம்புக்கு வெளியே தொங்கும் ரொட்டிகளை மேலே மடித்து, மறுபடி பசை, மறுபடி இதழ். கடைசியில் காய்ந்த கசகசா இலை, தண்டின் பொடியில் ஒரு புரட்டல். கொழுக்கட்டைக்குப் பூரணம் வைத்து மூடுகிற கைகள் நினைவுக்கு வந்தால் தப்பில்லை. ஒரு தாளம் அதிலும் உண்டு.

தேர்ந்தவர் ஒருவர் ஒரு நாளில் நூறு உருண்டைக்கு மேலேயே செய்துவிடுவார் என்கிறது ‘கிராஃபிக்’ குறிப்பு. நூறும் ஒரே எடை இருக்க வேண்டும். ஒரே எடை என்பதுதான் இங்கே உயிர்நாடி.

லேவா எதில் செய்தார்கள் என்று பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது. புதிய அபினைச் சாய்த்து வைத்தால் வடியும் கறுப்புச் சாறு, பசேவா. அதோடு தரம் குறைந்த அபின். அதோடு பானைகளைக் கழுவிய தண்ணீர். ஆம், கழுவிய தண்ணீரும் வீண் போகவில்லை. பூவிதழ் உறை, காயின் பால் உள்ளீடு, வடிந்த சாறு பசை, இலையும் தண்டும் பொடி. ஒரு செடியில் கிளம்பியது அத்தனையும் அதே செடியைச் சுற்றி மூடியது. வெளியிலிருந்து சேர்ந்தது மண்ணும் மனிதக் கையும்தான். வீட்டில் தோலைத் துவையலாக்கி, கொட்டையை விதைக்கு எடுத்துவைக்கும் பாட்டிகள் இதைப் பார்த்தால் மெச்சியிருப்பார்கள். அவர்கள் குடும்பத்துக்குச் செய்தார்கள். இங்கே ஒவ்வொரு சொட்டும் லாபத்தில் ஏறியது.

உலர்த்தும் அறையில் ஒவ்வோர் உருண்டையும் தனித்தனி மண்கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே புளித்துக் காற்றுக் கட்டினால் உருண்டை உப்பும், வெடிக்கும். ஆட்கள் வரிசையோடு நடந்து, உப்பலைக் கண்டால் கூரிய ஊசியால் ஒரு குத்து. காற்றை இறக்கிவிட்டு அடுத்ததுக்குப் போவார்கள். பிறகு அடுக்கும் அறை, நான் முதலில் சொன்ன நூலகம். அங்கே சிறுவர்களுக்குத்தான் வேலை அதிகம். உருண்டைகளைத் திருப்பி வைப்பது, காற்றாட விடுவது, பூச்சியோ பூஞ்சையோ கண்டால் காய்ந்த இதழ்ப் பொடி போட்டுத் தேய்ப்பது. நூலகத்தில் தூசி தட்டுவது மாதிரிதான். அந்தப் பிள்ளைகள் எந்த ஊர், கூலி என்ன என்று படக்குறிப்பு சொல்லவில்லை. உருண்டைக்குக் கிடைத்த கவனிப்பை மட்டும் சொல்கிறது.

ஏன் இத்தனை கவனிப்பு? பெட்டிக்கு நாற்பது உருண்டை, இருபது இருபதாக இரண்டு அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் தனி அறை. கல்கத்தாவில் மாதந்தோறும் ஏலம். அங்கே ஏலம் எடுக்கிறவர் பெட்டிக்குள் கைவிட்டுப் பார்க்க வேண்டியதில்லை. முத்திரையைப் பார்த்தால் போதும். பாட்னா உருண்டைக்குச் சீனாவில் வழங்கிய பெயர் ‘கோங்பான் து’. கோங்பான் என்பது கம்பெனி என்ற சொல் சீன நாக்கில் உருண்டு வந்தது. து என்றால் மண். கம்பெனி மண். எடை மாறாத, தரம் மாறாத உருண்டை கிட்டத்தட்ட ஒரு நாணயம். ஷெர்வில் வரைந்த அறைகள் தங்கசாலையின் அறைகள் என்று நினைத்துக்கொண்டு மறுபடி பார்த்தால் பித்தளைக் கிண்ணம் அச்சாகத் தெரியும்.

கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கலாம். உருண்டைக்கு ஒன்றரை சேர், நாற்பது உருண்டைக்கு அறுபது சேர், சேருக்கு ஐந்து ரூபாய். ஆக, பெட்டிக்காகக் குடியானவர்களுக்குப் போனது சுமார் முந்நூறு ரூபாய். அதே 1880களில் ஏலத்தில் ஒரு பெட்டி ஆயிரம் ரூபாய்க்கு மேல் போனது. தொழிற்சாலைச் செலவு, சம்பளம், படகுக்கூலி எல்லாம் கழித்தாலும் மீதி கொழுத்த மீதி. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் வங்காள ஏலத்துக்கு ஆண்டுக்கு ஐம்பதாயிரம் பெட்டிகளுக்கு மேல் வந்தன. அதாவது இருபது லட்சம் உருண்டைகள், இருபது லட்சம் தடவை ஒருவர் இதழை விரித்து மடித்திருக்கிறார். மேற்கே மால்வா அபினுக்கு அரசு உருட்டும் வேலையே பார்க்கவில்லை. சுதேச சமஸ்தானங்களில் விளைந்ததைப் பம்பாய்க்குக் கொண்டுபோகப் பெட்டிக்கு இவ்வளவு என்று சுங்கம் மட்டும் வாங்கிக்கொண்டது. இரண்டும் சேர்ந்து 1880 வாக்கில் மொத்த வரவு ஆண்டுக்குப் பத்துக் கோடி ரூபாயைத் தொட்டது. நிலவரிக்கு அடுத்த இடத்துக்கு உப்போடு போட்டி போட்ட வருமானம். நூற்றாண்டின் நடுவில் பிரிட்டிஷ் இந்திய அரசின் வருவாயில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு.

முன்னாளில் கம்பெனி தன் கப்பலில் சீனாவுக்கு அபின் ஏற்றுவதைத் தவிர்த்தது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். சீனச் சட்டம் தடை செய்த சரக்கு. எனவே ஏலத்தோடு கை கழுவிவிடும். எடுத்துப்போவது தனியார் வியாபாரிகள் பாடு. சீனாவின் கான்டனில் அவர்கள் வாங்கிய வெள்ளி சுற்றி வந்து கம்பெனியின் தேயிலைக்குப் பணமாகும். பானை கழுவிய தண்ணீரைக்கூட விடாதவர்கள் தங்கள் கையை எவ்வளவு சுத்தமாக வைத்துக்கொண்டார்கள் பாருங்கள்! 1839இல் லின் சே சூ என்ற சீன ஆணையர் இருபதாயிரம் பெட்டிக்கு மேல் பறிமுதல் செய்து, ஹூமென் கரையில் குழி வெட்டி, உப்பும் சுண்ணாம்பும் போட்டுக் கரைத்துக் கடலில் விட்டார். அதற்குமுன் கடல் தெய்வத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். நீரில் வாழும் உயிர்கள் கொஞ்ச நாள் விலகியிருக்கட்டும் என்று. இந்தக் கதை முழுவதிலும் மீன்களைப் பற்றி யோசித்த ஒரே அதிகாரி அவராகத்தான் இருப்பார். பதிலுக்கு வந்தது யுத்தம்.

பிறகு நடந்ததைச் சுருக்கிவிடலாம். அபின் விவகாரத்தை விசாரிக்க 1893இல் அமைத்த ராயல் கமிஷன் இந்திய அரசுக்குச் சாதகமாகவே அறிக்கை தந்தது. 1907இல் சீனாவுக்கான ஏற்றுமதியைப் படிப்படியாகக் குறைக்க உடன்பாடு, 1913இல் விற்பனை நிறுத்தம். பாட்னா தொழிற்சாலை அதற்குள் மூடிவிட்டது. குல்சார்பாகில் அது இருந்த வளாகத்தில் பிறகு அரசு அச்சகம் வந்தது. காஜிப்பூரில் 1820இல் தொடங்கிய இன்னொரு தொழிற்சாலை இன்றும் மருந்துக்காக அபின் காய்ச்சுகிறது. அங்குள்ள குரங்குகள் கழிவு நீரைக் குடித்துவிட்டு மயங்கிக் கிடப்பதைப் பார்க்க வராத நிருபர் குறைவு.

ஆறாவது படத்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். பின்னால் முங்கேர் மலைகள். அகன்ற கங்கை. சரக்கேற்றிய அரசுப் படகுகள் பாய் விரித்துக் கல்கத்தா நோக்கி இறங்குகின்றன. அவற்றுக்கு முன்னால் சின்னஞ்சிறு ஓடங்கள். ஓடக்காரர்களுக்கு இரண்டு வேலை. ஆழம் பார்த்துச் சொல்வது ஒன்று. மற்றது, பறை அடித்து எதிரே வரும் படகுகளை ஒதுங்கச் சொல்வது. ஆற்றில் அரசுச் சரக்குக்குத்தான் முதல் வழி. சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் போகும் மேளம் மாதிரி, உருண்டைகளுக்கு முன்னால் ஒரு பறை.

அதே ஆற்றில், அதே படத்தில், ஒரு மரத்தெப்பமும் மிதக்கிறது. முதல் தடவை அதை நான் கவனிக்கவில்லை, காட்சிக்காகச் சேர்த்தது என்று விட்டுவிட்டேன். குறிப்பைப் படித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. நேபாளக் காடுகளில் வெட்டி ஆற்றோடு விட்ட மரம். அடுத்த அபினுக்குப் பெட்டி அடிக்க வருகிறது.